``மாத்திரையை நிறுத்தணுமா, மாத்தணுமா?'' - ஹெச்.ஐ.வி சிகிச்சையில் பக்கவிளைவு வந்தால் எடுக்க வேண்டிய முடிவு!

தறிச் சத்தம் இரவிலும் ஓயாத தெரு அது. கொங்கு மண்டலத்தின் அந்தச் சிற்றூருக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர் அவர். 2021-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. இரவு 2 மணிக்கு எழுந்து தண்ணீர் குடிப்பார். 3 மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். காலையில் பட்டறையில் தறிக்கு முன்னால் நிற்கும்போது கண் சொருகும். ஒருநாள், அறுந்த நூலை முடிச்சுப் போடக் கையை நீட்டியவர் கவனம் தவறிவிட்டார். விரல் நகம் பெயர்ந்ததோடு தப்பினார்.

அன்றிரவு, அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கும் வெள்ளை டப்பாவை அவர் திறக்கவில்லை. கொஞ்சம் தூக்கம் வந்ததுபோல இருந்தது. அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என டப்பா திறக்கப்படாமலே போனது.

டப்பாவில் இருந்தது ஹெச்.ஐ.வி-க்கான கூட்டு மருந்து.

அடுத்த மாதம் மருந்து வாங்க, அரசு மருத்துவமனையில் இருக்கும் ஏ.ஆர்.டி மையத்துக்குப் போனார். மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பது அங்கே வழக்கம்.

``அக்கா, கணக்குப்படி ரெண்டு மாத்திரைதான் மிச்சம் இருக்கணும். பதினொண்ணு இருக்குதே?'' என்றார் ஆலோசகர்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், ``தூக்கமே வர்றதில்லைங்க தம்பி. உடம்பும் ஊதிப்போச்சு. வயிறு வேற எந்நேரமும் கலக்குது. முன்ன குடுத்தீங்கல்ல... அந்த மாத்திரையவே குடுத்துப்போடுங்க. இது எனக்கு வேண்டாம்'' என்றார்.

ஏ.ஆர்.டி மையங்களில் அடிக்கடி கேட்கும் கோரிக்கை இது. ஹெச்.ஐ.வி மருந்து வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து. வாழ்நாள் மருந்தில் பக்கவிளைவு என்றால், அதுவும் தினம் தினம் கூடவே இருக்கும். அப்போது என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதா, மாற்றச் சொல்லிக் கேட்பதா, யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடுவதா?

அவருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 15 ஆண்டுகளில் இது மூன்றாவது முறை.

கன்னம் ஒட்டிய காலம்

லாரி ஓட்டுநராக இருந்த அவருடைய கணவர் 2003-ல் இறந்தார். இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் ஹெச்.ஐ.வி-க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று. அந்த ஓராண்டு இடைவெளியில் போன உயிர்களில் அவருடையதும் ஒன்று. மனைவிக்கும் தொற்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வயது மகனுக்கு இல்லை.

2007-ல் அவருடைய சி.டி4 அணுக்களின் எண்ணிக்கை குறைந்தபோது மருந்து தொடங்கப்பட்டது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு. 2001-ல் இந்திய நிறுவனமான சிப்லா, இந்த மூன்றையும் ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் தர முன்வந்ததுதான், ஏழை நாடுகளில் ஹெச்.ஐ.வி சிகிச்சையைச் சாத்தியமாக்கியது. சாவின் விளிம்பில் இருந்தவர்களை எழுப்பி நடக்கவைத்த மருந்து அது.

ஆனால், ஸ்டாவுடினுக்கு ஒரு விலை இருந்தது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அது பாதிக்கும். நாள்பட நாள்பட முகம், கை, கால்களில் இருக்கும் கொழுப்பு கரையும். கன்னம் ஒட்டும். கை நரம்புகள் புடைத்துத் தெரியும். பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் வரும்.

மூன்றாம் ஆண்டில் அவருக்கு எல்லாமே வந்தது. பாத எரிச்சலைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். முகத்தைத்தான் மறைக்க முடியவில்லை. ஓர் இழவு வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருவர், ``என்ன புள்ள, இப்படி இளைச்சுட்ட? உனக்கும் அதேதானா?'' என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வீட்டுக்கு வந்தவர் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டார். நாற்பது நாள்கள் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு வந்தது காய்ச்சல். கூடவே இருமல், எடைக்குறைவு. பரிசோதனையில் காசநோய்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

ஹெச்.ஐ.வி மருந்து வைரஸை அடக்கிவைக்கும், அழிக்காது. உடலின் சில அணுக்களுக்குள் வைரஸ் உறங்கிக்கொண்டே இருக்கும். மருந்தை நிறுத்தினால், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே அது மீண்டும் ரத்தத்தில் பெருகத் தொடங்கிவிடும். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. `நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன்' என்ற எண்ணம் வருவது இதனால்தான்.

`சி.டி4 நன்றாக இருக்கும்போது மருந்துக்கு இடைவெளி விட்டால் பக்கவிளைவு குறையுமே' என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் யோசித்தது உண்டு. அதைச் சோதிக்க, 33 நாடுகளில் 5,472 பேரிடம் `ஸ்மார்ட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. இடைவெளி விட்டவர்களுக்கு நோய்த்தொற்றோ மரணமோ நேரும் ஆபத்து, தொடர்ந்து மருந்து சாப்பிட்டவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 2006-ல் ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டு மருந்தில் இருக்கும் மூன்று மருந்துகளும் ஒரே வேகத்தில் உடலை விட்டு வெளியேறுவதில்லை. நெவிரபின், எஃபாவிரென்ஸ் போன்றவை மற்ற இரண்டும் போன பிறகும் பல நாள்கள் ரத்தத்தில் தங்கும். மூன்று காவலாளிகளில் இருவர் வீட்டுக்குப் போய்விட்டு, ஒருவர் மட்டும் தனியாக நிற்பதுபோல. வைரஸ் அந்த ஒருவரைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிடும். அதன்பிறகு அந்த மருந்தைத் திரும்பச் சாப்பிட்டாலும் வேலை செய்யாமல் போகலாம். அடிக்கடி விட்டு விட்டுச் சாப்பிடுவதிலும் இதே ஆபத்துதான்.

நிறுத்துவது வேறு, மாற்றுவது வேறு. மாற்றும்போது வைரஸுக்கு ஒருநாள்கூட இடைவெளி கிடைப்பதில்லை.

2011-ல் அவருக்கு நடந்தது இரண்டாவது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், நெவிரபினின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால், அதற்குப் பதில் எஃபாவிரென்ஸ் வந்தது. ஸ்டாவுடினுக்குப் பதிலாக முதலில் யோசித்தது ஜிடோவுடினை. அது ரத்தசோகையைக் கூட்டும். அவருக்கோ ஏற்கெனவே ஹீமோகுளோபின் குறைவு. அதனால் டெனோஃபோவிர் தரப்பட்டது. ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே நாடுகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தியாவும் அதைக் கைவிட்டது.

காசநோய் குணமானது. கன்னம் முழுசாகப் பழையபடி ஆகவில்லை என்றாலும், மேற்கொண்டு ஒட்டவில்லை. பத்து ஆண்டுகள் ஓடின. மகன் படித்து வேலைக்குப் போனான்.

பிறகு வந்ததுதான் மூன்றாவது மாத்திரை.

டி.எல்.டி என்றால் என்ன?

டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலூட்டெகிராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரைதான் டி.எல்.டி. நாளுக்கு ஒன்று. இந்தியாவின் ஏ.ஆர்.டி மையங்களில் 2020-லிருந்து பழைய கூட்டு மருந்துகளுக்குப் பதிலாக இது வழங்கப்படுகிறது. 

மாற்றத்துக்குக் காரணம் டொலூட்டெகிராவிர். வைரஸை வேகமாக அடக்குகிறது. இதற்கு எதிராக வைரஸ் எளிதில் எதிர்ப்புத்திறன் பெற முடிவதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் சாப்பிட்டால் குழந்தையின் முதுகுத்தண்டைப் பாதிக்கலாம் என 2018-ல் போட்ஸ்வானாவில் இருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. பிந்தைய ஆண்டுகளில் சேர்ந்த கூடுதல் தரவுகள் அந்த அச்சத்தைப் போக்கின.

ஆனால், பக்கவிளைவே இல்லாத மருந்து எது? டொலூட்டெகிராவிரால் சிலருக்குத் தூக்கம் கெடும். தலைவலி வரும். எடை கூடும். சிலருக்கு ரத்தச் சர்க்கரை ஏறுவதும் கவனிக்கப்பட்டிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த `அட்வான்ஸ்' ஆய்வின் முடிவுகள் 2019-ல் வெளியாயின. டி.எல்.டி போன்ற கூட்டு மருந்தைச் சாப்பிட்ட பெண்களுக்கு ஓராண்டு அளவில் சராசரியாக 3 கிலோ கூடியிருந்தது. எஃபாவிரென்ஸ் சாப்பிட்ட பெண்களுக்குக் கூடியது 2 கிலோவுக்கும் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கே எடை அதிகம் ஏறியது.

52 கிலோவாக இருந்த அவர் 58 ஆகியிருந்தார். `இப்பத்தான் பாக்க நல்லா இருக்கே' என்றனர் தெருவில். ஒருகாலத்தில் இளைத்ததற்காகக் கேட்ட பேச்சின் மறுபக்கம் அது. ஆனால், அவருக்கு மூட்டு வலித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

குறிப்பேட்டில் இருந்த பழைய பக்கம்

ஆலோசகர் அவரை மருத்துவரிடம் அனுப்பினார். `ஏன் விட்டீர்கள்' என்று மருத்துவர் கோபப்படவில்லை. மாத்திரையை மாற்றுவதாகவும் உடனே சொல்லவில்லை. வரிசையாகக் கேள்விகள் கேட்டார்.

மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? `ராத்திரி 9 மணிக்கு.' ஏன் ராத்திரி? `பழைய மாத்திரையை அப்படித்தானே போடச் சொன்னீங்க.'

எஃபாவிரென்ஸ் தலைசுற்றலும் மயக்கமும் தரும் என்பதால் இரவில் போடச் சொல்வார்கள். டொலூட்டெகிராவிருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தூக்கம் கெடுகிறவர்களைக் காலையில் போடச் சொல்வதே வழக்கம். மாத்திரை மாறியது, 10 ஆண்டுப் பழக்கம் மாறவில்லை.

அடுத்த கேள்வி: வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

முதலில் `இல்லை' என்றவர், பிறகு ஒரு தனியார் கிளினிக்கின் சீட்டை மணிபர்ஸிலிருந்து எடுத்தார். மூன்று மாதங்களுக்கு முன் சர்க்கரை இருப்பது தெரிந்து, அங்கே மெட்ஃபார்மின் எழுதிக்கொடுத்திருந்தார்கள். காலை 1,000 மி.கி., இரவு 1,000 மி.கி. ஹெச்.ஐ.வி மருந்து சாப்பிடுவதை அவர் அங்கே சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்.

டொலூட்டெகிராவிர், உடலிலிருந்து மெட்ஃபார்மின் வெளியேறுவதைத் தடுக்கும். ரத்தத்தில் மெட்ஃபார்மினின் அளவு ஏறக்குறைய 80% வரை கூடும். அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு 1,000 மி.கி-க்குள் வைத்துக்கொள்வதே வழக்கம். அவர் சாப்பிட்டது 2,000. `எந்நேரமும் வயிறு கலக்குது' என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மூன்றாவதாக, அவருடைய சிகிச்சைக் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார் மருத்துவர். 2011-ம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு வரி: `தலைசுற்றல், கெட்ட கனவு, பகலில் மந்தம். மாத்திரையை மாற்றித் தரக் கேட்கிறார்.'

``இது நீங்க சொன்னதுதானேம்மா?''

அவருக்கு அது நினைவிலேயே இல்லை. எஃபாவிரென்ஸ் தொடங்கிய புதிதில் கிணற்றில் விழுவதுபோலக் கனவு கண்டு அலறியதை, கூட வந்திருந்த மகன்தான் ஞாபகப்படுத்தினான். சில வாரங்களில் அது தானாகக் குறைந்தது. பிறகு, `பிரச்னையே இல்லாத மாத்திரை' என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. திரும்பக் கேட்டதும் அதைத்தான்.

பழைய மாத்திரைக்கே போவதில் வேறொரு சிக்கலும் இருந்தது. ஒன்பது நாள் விட்டது டொலூட்டெகிராவிரில். இதே விடுபடல்கள் எஃபாவிரென்ஸில் நடந்திருந்தால், வைரஸ் அதற்கு எதிர்ப்புத்திறன் பெறும் வாய்ப்பு அதிகம். உறுதியான பூட்டைக் கழற்றிவிட்டு, எளிதில் திறக்கும் பூட்டை மாட்டுவது போன்றது அது.

அன்று எடுத்த முடிவு

வைரல் லோடு பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கப்பட்டது. மாத்திரை நேரம் இரவிலிருந்து காலைக்கு மாறியது. மெட்ஃபார்மின் 1,000 மி.கி-க்குக் குறைக்கப்பட்டு, சர்க்கரைக்கு மருத்துவமனையிலேயே பார்ப்பது என்று முடிவானது.

எடை விஷயத்தில் மருத்துவர் பூசி மெழுகவில்லை. எடை கூடியதில் மாத்திரைக்குப் பங்கு இருக்கலாம். ஆனால், மாத்திரையை மாற்றினால் எடை கட்டாயம் இறங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சர்க்கரையும் இருப்பதால் சாப்பாட்டையும் நடையையும் கவனித்தே ஆக வேண்டும் என்றார்.

``மூணு மாசம் இப்படிப் பாருங்கம்மா. அப்பவும் முடியலைன்னா மாத்தறதைப் பத்தி உட்கார்ந்து பேசலாம். ஆனா, நீங்களா நிறுத்தாதீங்க. தூக்கம் வரலைன்னா எங்களுக்கு போன் பண்ணுங்க.''

கெடு வைத்துப் பேசியதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. `காலம் முழுக்கப் பொறுத்துக்கோ' என்று யாரும் சொல்லவில்லை.

வலியே இல்லாதவருக்கு ஏன் மாற்றம்?

அதே மையத்தில், அதே மாதங்களில், நேரெதிரான ஒரு காட்சியும் நடந்தது. அவர் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. வயது ஐம்பதுக்கு மேல். தூக்கம், பசி, எடை எதிலும் குறையில்லை. ஆனால், `மாத்திரையை மாற்ற வேண்டும்' என்று மருத்துவரே சொன்னார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ``எனக்குத்தான் ஒண்ணுமே இல்லீங்களே, எதுக்கு மாத்தோணும்?''

டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நீண்ட காலத்தில் எலும்பின் அடர்த்தியையும் குறைக்கும். சிறுநீரகப் பாதிப்பு வெகுகாலம் வரை வெளியே தெரியாது. ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் என்று பரிசோதனையில்தான் பிடிபடும். கூடுதல் சிக்கலாக, முதுகுவலிக்காக அவர் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். டெனோஃபோவிருடன் வலி மாத்திரையும் சேரும்போது சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை.

இங்கே இன்னொரு நுணுக்கம் உண்டு. டொலூட்டெகிராவிர் தொடங்கிய முதல் வாரங்களில் கிரியேட்டினின் அளவு லேசாக ஏறும். அது சிறுநீரகப் பாதிப்பு அல்ல. கிரியேட்டினின் வெளியேறும் ஒரு வழியை மருந்து தடுப்பதால் ஏறும் எண் மட்டுமே. அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி மாற்றுவதும் தவறு. தொடர்ந்து ஏறுகிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா, வலி மாத்திரையை நிறுத்திய பிறகும் குறையவில்லையா என்று பார்த்தே முடிவெடுப்பார்கள். அவருக்கு மூன்றுக்குமே பதில் `ஆம்'.

மாற்றுவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்யப்பட்டது. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கும் மருந்துகள். ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு டெனோஃபோவிரை யோசிக்காமல் எடுத்துவிட்டால் கல்லீரல் அழற்சி தீவிரமாகலாம். அவருக்கு அந்தத் தொற்று இல்லை. டெனோஃபோவிருக்குப் பதில் அபாகாவிர் தரப்பட்டது. இதய நோய் ஆபத்து உள்ளவர்களுக்கு அபாகாவிரை யோசித்தே தருவார்கள் என்பதால், பீடியை விடச் சொன்னார்கள். முதல் ஆறு வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, வாந்தி வந்தால் உடனே வர வேண்டும் என்பதை அவர் மனைவியிடமும் சொல்லி அனுப்பினார்கள்.

வேதனைப்பட்டவருக்கு மாத்திரை மாறவில்லை. வேதனையே இல்லாதவருக்கு மாறியது. உடம்பு சொல்வதையும் பரிசோதனை சொல்வதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சரியான முடிவு கிடைக்கும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

`மாத்திரை ஒத்துக்கலை' என்ற ஒரே வரியை வைத்து மருத்துவரால் முடிவெடுக்க முடியாது. இந்த விவரங்களைக் குறித்துக்கொண்டு போகலாம்.

* தொல்லை எப்போது தொடங்கியது? மாத்திரை மாறுவதற்கு முன்பா, பின்பா?

* மாத்திரை போடும் நேரம் என்ன? போட்ட எத்தனை மணி நேரத்தில் தொல்லை வருகிறது? நாளாக ஆகக் கூடுகிறதா, குறைகிறதா?

* எத்தனை வேளை விட்டுப்போனது? இதை மறைத்தால் முடிவு தவறாகும்.

* சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு, வலி மாத்திரைகள், சத்து மாத்திரைகள், நாட்டு மருந்து... எதையும் விடாமல் சொல்ல வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட்களும் டொலூட்டெகிராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

* அந்தத் தொல்லையால் அன்றாட வாழ்க்கையில் என்ன கெடுகிறது? `தூக்கம் வரலை' என்பதைவிட, `தறியில் விரல் மாட்டப் பார்த்தது' என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

மாற்றச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. அப்படிக் கேட்டால் இலவச மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பக்கவிளைவுக்காக ஒரு மருந்தை மாற்றுவது வேறு, மருந்து வேலை செய்யாமல் அடுத்தகட்ட சிகிச்சைக்குப் போவது வேறு. சிக்கலான மாற்றங்களுக்கு மாநில அளவிலான நிபுணர் குழுவின் கருத்தையும் மையங்கள் கேட்பதுண்டு.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

* காய்ச்சலுடன் தோல் தடிப்பு. வாய், கண்களில் கொப்புளம்

* கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், வலது விலாவுக்குக் கீழே வலி

* கடுமையான சோர்வுடன் மூச்சுத்திணறல்

* முகம், கால் வீக்கம், சிறுநீர் குறைதல்

* கடுமையான மன அழுத்தம், தற்கொலை எண்ணம்

இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாதத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அபாகாவிர் ஒவ்வாமை என்று சொல்லி நிறுத்தப்பட்டிருந்தால், வாழ்நாளில் மீண்டும் அதைத் தொடவே கூடாது. இரண்டாம் முறை உயிருக்கே ஆபத்தாகலாம்.

வேறு மருத்துவரிடம் போகும்போது ஹெச்.ஐ.வி மருந்து சாப்பிடுவதைச் சொல்லத் தயங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. ஒருவருடைய தொற்று விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு...

வைரல் லோடு முடிவு வந்தது. ரத்தத்தில் வைரஸ் கண்டறியப்படவில்லை. ஒன்பது நாள் விடுபட்டும் மருந்து கைவிடவில்லை. 

காலை 7 மணிக்கு மாத்திரை என்று ஆன இரண்டாவது வாரத்திலேயே தூக்கம் மெல்லத் திரும்பியதாக மருத்துவரிடம் சொன்னார். வயிற்றுக் கலக்கமும் நின்றிருந்தது. எடை மட்டும் 57-ல் நின்றது. சாயங்காலம் பட்டறை விட்டதும் ஏரிக்கரை வரை நடக்கத் தொடங்கியிருந்தார்.

``இப்ப சொல்லுங்கம்மா, மாத்தலாமா?'' என்று கேட்டார் மருத்துவர். கெடு முடிந்திருந்தது; பேசுவதாகச் சொன்ன பேச்சைப் பேச வேண்டிய நாள் அது.

``வேண்டாங்க. இதுவே இருக்கட்டும். ரவிக்கையத்தான் எல்லாம் பிரிச்சுத் தைச்சுப்போட்டேன்'' என்றார் அவர்.

மகனுடைய வண்டியில் ஏறும்போது, அடுத்த மாதத்துக்கான வெள்ளை டப்பா பையில் இருந்தது. அலமாரியில் புடவைகளுக்கு அடியில்தான் இப்போதும் அதன் இடம். ஆனால், தினமும் காலை 7 மணிக்கு அது திறக்கப்படுகிறது.